சந்தனம் வைத்த பியர் பானை

27 செப்டம்பர் 2009, ஞாயிறு
தோர்ண்டன் ஹீத், லண்டன்

பியர் காய்ச்சும் மின்சாரப் பானையைப் போட்டாலே மின்சாரம் கசிந்தால் கரண்டை நிறுத்தும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில் நேற்றுப் பானையில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் வயரைக் கழற்றிவிட்டேன். அதன்பின் சுவிட்ச் விழவில்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஆயுத பூசை. மனைவி முழுகிவிட்டு வெறுங்காலோடு, ஈரக் கையால் வீட்டு மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நான் தடுப்பதற்குள் கொதித்துக்கொண்டிருந்த பானைக்கும் வைத்தாள். கரண்ட் அடித்து, அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். நான் சபித்த அந்தச் சுவிட்ச் அப்போது விழுந்திராவிட்டால்...

"என்னப்பா, உங்கட பியருக்குச் சாமியைப் பிடிக்கேல்லைப் போல கிடக்கு," என்று கையை உதறிக்கொண்டு சிரித்தாள்.

"ஓம்," என்றேன்.

இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டேன். எர்த் வயரின் திருகாணி இன்னும் என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது.