டயருக்கு வைத்த கல்

1974 ஆகஸ்ட் 12

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் ஆட்டோமேட்டிக் காரில், வண்டியை நகராமல் பூட்டும் 'பார்க்'கில் கியர் ஒரு வாரமாக விழவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன். கியர் பெட்டிக்குப் போகும் கம்பியின் இணைப்பிலுள்ள புஷ் தேய்ந்திருந்தது. ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. துரையிடம் சொன்னால் டிரைவர் நான்தான் கெடுத்தேன் என்பார். அதனால் மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் டயருக்குக் கல் வைத்துச் சமாளித்தேன்.

இன்று, ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் மேட்டுப் பெரட்டுக் களத்தில் துரை இறங்கிப் போனார். நான் கல்லை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். அதற்குள் கங்காணி மாரிமுத்து கல்லை இழுத்துப் போட்டுவிட்டார். வண்டி உருண்டு அவர் காலில் ஏறியது.

பதுளை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொரை கால்ல தடுக்குமேன்னு எடுத்தேங்க டிரைவரு. அவருகிட்ட நீங்கதான் எனக்காகப் பேசணும்."

"பேசுறேன் கங்காணி" என்றேன்.

விடிந்ததும் அந்தக் காலை வெட்டி எடுக்கப்போகிறார்கள்.

துரையிடம் நான் மத்தியானமே பேசிவிட்டேன், கல்லை எடுத்தது கங்காணி என்று மட்டும்.