கூடை போடுவதற்கு முன்

அக்கா,

இன்று காலை கொழும்பு ரயிலேற வந்த பதுளை பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் உச்சந்தலையில் தேயிலைக் கூடைக் கயிற்றின் தடம் இருந்தது. முடி தேய்ந்து, வகிட்டுக்குக் குறுக்கே ஒரு வழுக்கைக் கோடு. உனக்கும் அப்படித்தான். அதில் எண்ணெய் தேய்க்கச் சொல்வாய். கூசுகிறதென்று நீயே என் கையைத் தட்டிவிடுவாய்.

தலைவலி என்றால் கொழுந்துக் கூடைதான். நம் லயத்து வீடுகளில் வேறு காரணம் கிடையாது. அம்மா பழைய சேலையைக் கிழித்துக் கயிற்றுக்கு மெத்தை தைத்தார். தோட்ட மருந்தகத்தில் பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள். நீ மலையில் தடுமாறி உட்கார்ந்த அன்று கங்காணி, "நடிக்காத புள்ள, அரைப்பேருதான் விழும்" என்றார். அரை நாள் கூலி போய்விடுமே என்று எழுந்து பறித்தாய். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் கட்டி பெரிதாகியிருந்தது.

அப்போது எனக்குக் கம்பஸில் கடைசி வருடம். ஆய்வுக்கு உன் வியாதியையே எடுத்தேன். வார்டில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினேன்: சில ஆர்.என்.ஏ. புரதம் எதையும் உண்டாக்காது. ஆனால் எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் அவற்றுக்குக் கை உண்டு. சில கட்டியை அடக்கும், சில வளர்த்துவிடும்.

"கொழுந்து பறிக்காது, பறிக்கிறவள வெரட்டும். கங்காணின்னு சொல்லிட்டுப் போயேன்டி."

"நல்லதும் இருக்குக்கா."

"அப்ப அதுல ஒண்ண என் தலைக்கு மாத்திவிடச் சொல்லு."

சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் முறைத்தார்.

இப்போது கொழும்பு ஆய்வுகூடத்தில் அந்தக் கங்காணிகளைத்தான் தேடுகிறேன். கூட வேலை செய்யும் சிங்களப் பிள்ளையும் அவற்றை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கட்டி அவ்வளவு இலகுவில் விடுவதில்லை. ஆனால் விடியலில் எழும்போதே உனக்கு வலித்தது, வாந்தி வந்தது. கூடை அப்போது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை கொடுத்த எவரும் எப்போது வலிக்கிறது என்று கேட்கவில்லை. தோட்டத்துப் பெண்ணின் தலை பாரம் தூக்கத்தானே இருக்கிறது, அதற்குள் வேறென்ன இருந்துவிடப் போகிறது?

பஸ்ஸில் அவர் நெற்றியை அமுக்கிக்கொண்டே வந்தார்.

"தலைவலிங்களா?"

"கூடை தூக்குறோம்ல, வலிக்கத்தான் செய்யும்."

"கூடை போடுறதுக்கு முன்னமே வலிக்குதா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரிக்கிறப்பவே வலிக்குது தங்கச்சி. வாந்தியும் வருது."

ரயில் போய்விட்டது, அக்கா. ஆஸ்பத்திரியில் அவரோடு ஒரே மர வாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டொக்டர் கேட்காவிட்டால் நான் சொல்வேன்: கூடை போடுவதற்கு முன்பே வலிக்கிறது.