கொழுப்பு ஜாஸ்தி

அக்கா,

இன்று காலை தோல் பதனிடுகிற நம் ஷாப்பில் புதிதாக வந்த பெண் ஒருத்தி மேஸ்திரியை எதிர்த்துப் பேசிவிட்டாள். "இன்னாடி, கொழுப்பா?" என்று அவர் கத்தினார். ஆவாரம்பட்டையின் காட்டமான வாசனைக்கு நடுவே என் காது உன் பதிலைத் தேடியது. உன்னை அப்படிக் கேட்டால் விடுவாயா? "ஆமா மேஸ்திரி, ஜாஸ்திதான். உனுக்குக் கொஞ்சம் வேணுமா?" என்பாய். பட்டை சுமக்கிற நாங்களெல்லாம் கூடையை இறக்கிவிட்டுச் சிரிப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் யாரும் சிரிக்கவில்லை. நான் நிறைமாதம். கள்ளுக்கடையிலிருந்து வந்த என் புருஷன், சோறு குழைந்துவிட்டது என்று, தொட்டியில் தோலைக் கிளறுகிற தடியோடு என்னைத் துரத்தினான், பாவி. பக்கத்து வீடு உன்னுடையது. உள்ளே ஓடிவந்து, வயிற்றைக் கட்டிக்கொண்டு அடுப்பு மூலையில் ஒடுங்கினேன். நீ போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய்.

"தள்ளிக்கோ அக்கா. அவ எம் பொண்டாட்டி."

"பொண்டாட்டி உன்னுது. வாசல் என்னுது. போடா."

ஈரத்தோலைக் கல்லில் அறைகிற மாதிரி ஒரு சத்தம். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. மறுபடியும் அடித்தான். மூன்றாவது அடி உன் இடது பக்கத்தில் விழுந்தது. ஐயோ, நீ சரிந்தால் அடுத்த அடி என் பிள்ளைக்குத்தான் என்று வயிற்றின் மேல் குனிந்துகொண்டேன்.

"இன்னாடா, சோறு துன்னலியா? கொழுப்புலகூட எறங்கலியே!" என்றாய்.

தெருவே சிரித்தது. அந்த அவமானத்தில் தடியைப் போட்டுவிட்டுப் போனவன்தான். கோலாருக்கு ரயிலேறிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். அந்த வாரமே எனக்கு மகன் பிறந்தான்.

உன் மேல் ஒரு தடம்கூட இல்லை என்று பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சதை இருந்தால் அடி உள்ளே போகாது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் எந்த வீட்டில் கை ஓங்கினாலும் "குண்டக்காவக் கூப்புடு" என்பதுதான் பேச்சு. நீயும் முந்தானையைச் செருகிக்கொண்டு போவாய். ஆனால் அதற்குப் பிறகு நீ இடது இடுப்பில் கூடை வைத்து நான் பார்க்கவில்லை. ராத்திரியில் சுவரில் சாய்ந்தே தூங்கினாய். கேட்டால், "படுத்தா மூச்சு முட்டுது. ஒடம்பு அப்பிடி" என்பாய்.

காய்ச்சலில் நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. இடது மார்புக்குக் கீழே சோப்புப் போட்ட என் கை நின்றுவிட்டது. அத்தனை சதைக்கும் அடியில் இரண்டு விலா எலும்புகள் உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கோணலாகக் கூடியிருந்தன. "இன்னாடி?" என்றார்கள். அந்த இடத்தை மறுபடியும் மெதுவாகக் கழுவினேன்.

இப்போதும் தெருவில் உன் பேச்சு வந்தால், "அவுளுக்கு இன்னா, கொழுப்பு, வலிக்காது" என்கிறார்கள். என் மகன்கூட அப்படிச் சொன்னான். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"வலிச்சுதுடா. வலிக்கும்னு தெரிஞ்சேதான் போய் நின்னா" என்றேன்.