அப்பா ஏறி நின்ற பலகை

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் செருப்பை ஓரமாகக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போகிற என் அப்பாவுக்கு,

மறுபடியும் அந்த ஷூ அட்டையைத்தான் செய்கிறார்கள், அப்பா. எங்கள் காலேஜில், எங்களுக்கு இருந்த அதே கைடு சாரின் கீழ், இந்த வருஷக் கடைசி வருடப் பிள்ளைகள். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் புண் வரும் முன்பே சொல்லிவிடும் கருவி. தலைப்பில்கூட ஒரு வார்த்தை மாறவில்லை. ஸ்நேகா என்று களியக்காவிளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி போன் செய்து, மலையாளம் கலந்து, "சேச்சி, இதே புராஜெக்ட் நீங்களும் செஞ்சீங்கன்னு சார் பறஞ்சாரு, உங்க ரிப்போர்ட் ஒண்ணு கிட்டுமா" என்று கேட்டாள். எனக்கு வந்த எரிச்சலை உங்களிடம்தான் சொல்ல முடியும். அம்மாவிடம் சொன்னால் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். நானும் அஞ்சனாவும் ரிஸ்வானும் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைவீதிக்கு வந்தோம், நீங்கள் வேலை பார்த்த ஜவுளிக் கடைக்கு, சுகர் உள்ள உங்கள் காலில் போட்டுப் பார்க்க. பெட்டிக்குள் ஷூவுக்குள் போடும் ஒரு ஜோடி அட்டை. அதில் எங்கள் ஒரு செமஸ்டர் உழைப்பு முழுவதும் இருந்தது. நீங்கள் மெத்தை விரிப்பின் மேல் நின்று யாருக்கோ வேட்டி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வெறுங்காலைப் பார்த்தீர்கள்.

"இத எங்க போடட்டும் மக்ளே? தோலுக்கு உள்ளயா?"

கடையே சிரித்தது. ரிஸ்வானின் காது சிவந்துவிட்டது. அந்தக் கடையில் ஒருவரும் செருப்போடு நிற்பதில்லை. படியோரம் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினால் கடை சாத்தும்வரை வெறுங்கால்தான். வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் வெறுங்கால், கோயிலிலும் வெறுங்கால். நாங்கள் படித்த வெளிநாட்டுக் கட்டுரைகளில் மட்டும் எல்லோரும் காலையிலிருந்து ராத்திரிவரை ஷூ போட்டிருந்தார்கள். அங்கெல்லாம் குளிர் போலிருக்கிறது.

நீங்கள் சிரித்ததோடு விட்டிருந்தால் நாங்களும் அட்டையையே கொடுத்து மார்க் வாங்கிப் போயிருப்போம். நீங்கள்தான் கடையின் பழைய தட்டுப்பலகை ஒன்றை எடுத்துப் போட்டீர்கள். அதன்மேல் ஏறி நின்று, துணியில் குறி போடும் சாக்கட்டியை என் கையில் கொடுத்து, "வரை" என்றீர்கள். உங்கள் இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் நீங்கள் காலை இழுத்ததில் இடது சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாகப் போனது. அதன்மேலேயே அஞ்சனா வெள்ளைப் பெயிண்ட் அடித்தாள்.

விரலடி, முன்பாதம், குதிகால் என்று ஓட்டை போட்டு, சூடு பார்க்கும் சென்சார்களைப் பதித்தோம். ஒரு காலைவிட மறு காலின் அதே இடம் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ கோளாறு ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சிவப்பு லைட் எரியும். அவ்வளவுதான் சமாச்சாரம். செருப்புக் கழற்றும் இடத்தில் பலகையைப் போட்டோம். காலையில் உள்ளே போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளியே வரும்போது ஒரு தடவை ஏறி நின்றீர்கள். "என் மக என்னை மணையில ஏத்திட்டா" என்று கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம் சொன்னீர்கள். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அதை இன்னொரு தடவை கேட்க எங்கே போவது?

ஒரு நாள் காலை லைட் எரிந்தது. பேட்டரி போயிருக்கும் என்றீர்கள். நான் அடம்பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வலது காலின் தடித்த தோலுக்கு அடியில் ஒரு குண்டூசி. சட்டைகளை மடித்துக் குத்தி வருகிற அதே குண்டூசி, விரிப்பில் விழுந்து கிடந்து உங்கள் காலில் ஏறியிருக்கிறது. சுகரில் மரத்துப்போன கால், உங்களுக்குத் தெரியவே இல்லை. உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள்.

அதைத்தான் நாங்கள் வைவாவில் சொன்னோம். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பலகையைக் காலால்கூடத் தொடவில்லை. "சோஷியல் ரெலவன்ஸ் உண்டு. பக்ஷே நாவல்ட்டி எவிடெ? ஒரு ஆப்பாவது உண்டோ?" என்றார். புதுமை எங்கே, செல்போனில் பார்க்க ஒன்றுமில்லையா என்று கேட்கிறார். ஒரே ஒரு ஆளின் கால் ஆராய்ச்சி ஆகாது என்றும் சொன்னார். அது சரிதான், அப்பா. அதில் எனக்கு அவரோடு சண்டையில்லை. ஒரு காலை வைத்து ஊருக்கெல்லாம் பேச முடியாது. ஆனால் அடுத்த காலைப் பார்க்க எங்களை விட்டால்தானே?

விடவில்லை. நம் ஊர் காலேஜ்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வைவா முடிந்த கையோடு புராஜெக்டைக் கழற்ற வேண்டும். லேபில் வாங்கிய சென்சாரும் போர்டும் திரும்பி வந்தால்தான் நோ டியூ சர்ட்டிபிகேட். அது இல்லாமல் டிகிரி கிடையாது. ஓடுகிறதா ஓடவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பலகையிலிருந்து நானே என் கையால் ஒவ்வொரு சென்சாராகச் சூடு காட்டிப் பிடுங்கினேன். இன்னும் கொஞ்ச நாள் கடையில் இருக்கட்டும் என்று கைடு சாரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"மோளே, அது லேபின்றெ சாதனமல்லே. அடுத்த பேட்ச்சினு வேண்டே?" என்றார். லேபின் பொருள், அடுத்த பேட்ச்சுக்கு வேண்டாமா என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஸ்டாக் பார்க்க ஆள் வரும். அவர் பாடு அவருக்கு.

வெறும் பலகையோடு வீட்டுக்கு வந்தேன். நீங்கள்தான் சமாதானம் சொன்னீர்கள். "போனா போட்டும். உனக்கு வேலை கெடச்சதும் புதுசா ஒண்ணு செஞ்சு தருவல்லா." எனக்கு வேலையும் கிடைத்தது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனி, எங்கேயோ இருக்கும் இன்சூரன்ஸ்காரர்களின் சாப்ட்வேரில் பிழை தேடும் வேலை. அடுத்த மாதம் செய்யலாம், ஓணம் கழியட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நெஞ்சு என்றார்கள். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதுவும் ஒரு கோபமாகத்தான் உள்ளே கிடக்கிறது.

உங்கள் வருஷத் திதிக்கு அம்மா கதவிடுக்கிலிருந்து அந்தப் பலகையை எடுத்தாள். கழுவித் துடைத்து, நீங்கள் நின்ற அந்த இரண்டு பாதங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, உங்கள் படத்துக்குக் கீழே சாய்த்துவிட்டாள். ஓட்டைகளில் ஒவ்வொரு பூ. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கு. நீங்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சமயம் அதை அங்கிருந்து எடு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பிவிட்டு, அச்சடித்த பிரதியைக் கொடுக்கிற சாக்கில் போன சனிக்கிழமை காலேஜுக்குப் போனேன். ஸ்நேகா மேஜைமேல் அவர்களுடைய அட்டையைப் பிரித்து வைத்திருந்தாள். அழகாக இருந்தது, எங்களுடையதைவிட மெல்லிசு. கிட்டப் போய்ப் பார்த்தேன். சென்சார்களின் முதுகில் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ். இடது காலுக்கு அடையாளமாக நான் வைத்த சொட்டு. உங்கள் இடது காலுக்கு.

"ஷூக்குள்ள எதுக்கு?" என்று கேட்டேன். "எங்க ரிப்போர்ட்ல பலகைன்னு எழுதியிருக்கே. ஏன் பலகைன்னும் எழுதியிருக்கே."

"வாசிச்சேன் சேச்சி. பட்சே பலகை ஓல்டா இருக்குன்னு சார் பறஞ்சாரு. ஷூன்னா எக்ஸ்போவுல காட்டலாம். ஆப்பும் வெக்கலாம்."

"உங்க வீட்டுல யாருக்காவது சுகர் உண்டா?"

"அம்மைக்கு உண்டு."

"அம்மை ஷூ போடுவாங்களா?"

பாவம், அவள் முகம் விழுந்துவிட்டது. அதற்குமேல் அவளை என்ன கேட்பது? ஒவ்வொரு வருஷமும் புத்திசாலிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே ஷூ அட்டையைச் செய்து, அது யார் காலுக்கும் சேராது என்று தெரிகிற இடத்துக்கு வரும்போது வைவா வந்துவிடுகிறது. கழற்று, திருப்பிக் கொடு, சர்ட்டிபிகேட் வாங்கு, போ. அடுத்தவன் மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சுற்றை யார் நிறுத்துவது, அப்பா?

இதையெல்லாம் எழுதாமலே இருந்திருப்பேன். நேற்று சாயங்காலம் நடந்ததுதான் என்னை உட்காரவைத்தது.

உங்கள் கடை சுடலைமுத்து அண்ணாச்சி வந்திருந்தார். உங்கள் இடத்தில் இப்போது அவர்தான் நிற்கிறார், அதே விரிப்பு, அதே கவுண்டர். பேத்திக்குக் காது குத்து என்று சொல்ல வந்தார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் லேசாகச் சாய்ந்து நடந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, காலுல என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி. வலியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நடைதான் ஒரு மாதிரி இழுக்கு."

அவருக்கும் சுகர் என்பது அம்மாவுக்குத் தெரியும். உடனே உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்தப் பலகை. பூவை எல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். அண்ணாச்சியின் முன்னால் தரையில் போட்டு, "ஏறி நில்லுங்க" என்றாள்.

அவர் பதறிவிட்டார். "அய்யோ, அண்ணன் பாதமில்லா இது. குங்குமம் வேற வெச்சிருக்கிய. நான் எப்படி மிதிப்பேன்?"

அம்மா குனிந்து முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். நீங்கள் போன பிறகு அவள் கை அவ்வளவு உறுதியாக இருந்து நான் பார்த்ததில்லை. "அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஏறுங்க."

அவர் ஏறி நின்றார். அவர் பாதம் சின்னது. உங்கள் கோட்டுக்குள் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, லைட் மட்டும் மிச்சமிருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்தது.

"லைட் எரியல மக்ளே. அப்போ அண்ணாச்சி காலுக்கு ஒண்ணுமில்ல, இல்லியா?"

அப்பா, அது வெறும் ஓட்டை, அதற்குள் ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவள் விளக்கேற்றியது வேலை செய்கிற பலகைக்கு என்றே நினைத்திருக்கிறாள். அண்ணாச்சியும் நிம்மதியாக இறங்கப் போனார். நான் கீழே உட்கார்ந்து, புறங்கையை அவருடைய இரண்டு பாதங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இடது கால் கொதித்தது.

அப்படியே ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களைப் பார்த்த அதே டாக்டர். அறுத்துப் பார்த்தால் அதே குண்டூசி. உங்களுக்கு எடுத்த நேரத்தைவிடத் தாமதம் என்றார். விரல் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். அவர் காது குத்துக்கு அழைக்க வந்தவர், அப்பா. இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு நாள் பூ வெச்சேன்" என்று மட்டும் கேட்டாள். பிறகு பலகையை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். உங்கள் படத்துக்குக் கீழே இப்போது வெறும் தரைதான்.

என் சம்பளத்தில் சென்சாருக்குச் சொல்லிவிட்டேன், அப்பா. ஸ்நேகாவிடமும் பேசினேன். சனிக்கிழமை அவளும் அவள் கூட்டாளிகளும் சாலைக் கடைவீதிக்கு வருகிறார்கள், ஷூ அட்டை இல்லாமல். அவள் தன் அம்மாவையும் கூட்டி வருகிறாளாம். கைடு சார் நாவல்ட்டி எங்கே என்று கேட்டால் என்னிடம் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கோட்டுக்குள்ளேயே சின்னக் கால்களுக்கும் ஓட்டை போட வேண்டும். அந்தக் கோணல் சுண்டுவிரலை மட்டும் தொடமாட்டேன்.

இந்தத் தடவை அதில் வைக்கிற ஒன்றுகூட லேபினுடையது இல்லை. யாரும் வந்து திருப்பிக் கேட்க முடியாது. கடைப் படியில், நீங்கள் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அது கிடக்கும். அதில் லைட் எரியாவிட்டால், அன்று நிஜமாகவே ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தமாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் காலைப் பிடித்து வரைந்தவள்,
உங்கள் மகள்
உமா