இரண்டு விரல் இடைவெளி

என்னங்க,

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்றெல்லாம் கேட்கப்போவதில்லை. உங்கள் அண்ணன் பட்டறையில்தானே இருக்கிறீர்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

இன்று நீங்கள் செய்த சோலார் களை மெஷினைக் கீழ்வயலில் நானே இறக்கினேன். நல்ல வெயில். நெல் வரிசைகளுக்கு நடுவே பூனை மாதிரி நடந்து, களையையெல்லாம் சேற்றில் அமுக்கிக்கொண்டே போனது. ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. பாதியில் மேகம் மறைத்ததும் நின்றுவிட்டது. களை எடுக்க வந்த நாங்கள் ஆறு பெண்களும் வெயில் வருமா என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

"களை எடுக்க வந்து நிமிந்து நிக்கிறது இதான்டி முதல் தடவை" என்றாள் என் அக்கா. சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் வெயில் வர, மெஷின் தானாகவே கிளம்பிவிட்டது.

போன மாதம் மேல்வயலில் இதே மெஷின் நாற்றைப் பிடுங்கிப் போட்டபோது ஊரே சிரித்தது. நீங்கள் முதலில் மோட்டாரைத் திட்டினீர்கள், பிறகு உங்களையே; அதோடு அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் வாயே திறக்கவில்லை.

மேல்வயல் நடவின்போது, மெஷின் போக வழி வேண்டும் என்று கயிற்றைச் சாண் சாணாக நகர்த்தச் சொன்னீர்கள். இடம் வீணாகிறதே என்று வரிசைக்கு வரிசை இரண்டு விரல் குறைத்தது நான்தான். கீழ்வயலில் உங்கள் அளவுகோலை வைத்தே நகர்த்தினேன். அவ்வளவுதான் விஷயம். அப்பாடா, சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேல்வயலில் மறு நடவு. கயிற்றின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். இன்னொரு முனைக்கு இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இரண்டு விரல் திருடி