பத்து வருடத்து மண்

என் கோபக்கார அப்பாவுக்கு,

நாளை காலை எட்டு மணிக்கு உங்களை மண்ணிலிருந்து எடுக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலையிலிருந்து இரண்டு தரம் தேநீர் ஊற்றி இரண்டையும் ஆறவிட்டுவிட்டேன்.

உங்களுக்கு இது புதினமில்லை. இந்த இத்தாலிச் சேமக்காலையில் சொந்தக் கல்லறை இல்லாதவர்களுக்கு வெறும் மண்ணில் பத்து வருடம்தான் இடம். பிறகு எலும்புகளை எடுத்து ஒரு துத்தநாகப் பெட்டியில் போட்டு, சுவரில் சின்ன மாடம் ஒன்றில் வைப்பார்கள். உறவினர் யாரும் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் எல்லோரையும் போடும் பொதுக் குழிதான்.

ஆத்துமாக்கள் திருநாளன்று மெழுகுதிரியோடு வந்தபோதுதான் பார்த்தேன். உங்கள் சிலுவையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் கட்டியிருந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் உறவினர் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அவர்கள் அனுப்பிய கடிதம் நாங்கள் முன்பு இருந்த அல்பெர்கேரியா வீட்டுக்குப் போயிருக்கிறது. போர்கோ வெக்கியோவுக்கு வீடு மாறி வந்து நாலு வருடமாகிறது, சேமக்காலைக்கும் விலாசம் மாற்றிக் கொடுக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இதை ஊரறிய எழுதுவதும் அதனால்தான். அங்கே தாய் தகப்பனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அப்பா, அந்த இடத்தில் உங்களுக்குத் தெரியாத கல்லறை ஏது? பெரிய மனிதர்களின் மண்டபங்களைக் கழுவியே என்னைப் படிக்க வைத்தீர்கள். மீசை வைத்த ஜெனரல், பளிங்கு யாழோடு சாய்ந்திருக்கும் பாட்டுக்காரர், கல்லூரிப் பெண்கள் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகும் கவிஞர் அம்மா, வீடு மாதிரி மண்டபம் கட்டிய கப்பல்காரக் குடும்பம். "எங்கட ஆக்கள்" என்றுதான் சொல்வீர்கள். பாட்டுக்காரர் தொண்டையில் மீன்முள் சிக்கிச் செத்தார் என்று நீங்கள் சொன்ன கதையை நான் கூகிளில் தேடிப் பார்த்தேன். காய்ச்சலாம். அந்தக் கதையைக் கேட்டபிறகு எத்தனை வருடம் பயந்து பயந்து மீன் சாப்பிட்டேன் தெரியுமா?

சரி, சண்டை பிறகு. மறுநாளே சேமக்காலை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே மேசையில் இருந்த இத்தாலியப் பெண், அந்தச் சிஞ்ஞோரா, என் அடையாள அட்டையைப் பார்த்தாள், உங்கள் காகிதத்தைப் பார்த்தாள்.

"இறந்தவர் சூசைப்பிள்ளை குடும்பம். நீங்கள் மரியதாஸ் குடும்பம். நீங்கள் அவருக்கு யார்?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

மகள் என்றேன். மகளென்றால் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கவேண்டுமே என்றாள். சூசைப்பிள்ளை அவருடைய தகப்பன் பெயர், மரியதாஸ் அவருடைய சொந்தப் பெயர், எங்கள் ஆட்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு முதலில் வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் முத்திரையைத் தொடவில்லை. அத்தாட்சி கொண்டுவா என்றாள்.

வெளியே வந்து அந்தக் கப்பல்காரரின் மண்டப வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. கதவுக்கு மேலே ஒரே ஒரு குடும்பப் பெயர். உள்ளே ஐந்து தலைமுறை, யாரும் யாரிடமும் நீ யார் என்று கேட்காமல் படுத்திருக்கிறார்கள். பளிங்கில் பாசி பிடித்திருந்தது, உங்களுக்குப் பிறகு ஒழுங்காகக் கழுவ ஆளில்லை போல.

உங்களுக்கு ஞாபகமிருக்கும், நான் பிறந்தபோது பதிவு செய்பவர் உங்கள் குடும்பப் பெயரையே எனக்கும் எழுதப் போனாராம். நீங்கள் மேசையில் தட்டிச் சண்டை பிடித்து மாற்ற வைத்தீர்களாம். அதனால் நான் பட்ட பாடு! பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது வாத்தியார் என் பெயரைக் கடித்துக் குதறுவார். உங்களைப் பார்த்தால், இவர் உன் சொந்த அப்பாவா என்று கேட்பார். "மரியதாஸ்" என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு, கேட்டும் கேட்காத மாதிரி இருப்பேன். ஒருநாள் வீட்டில் வெடித்தேன்.

"எல்லாரையும் மாதிரி ஒரு பேர் வச்சா என்னப்பா குறைஞ்சு போகும்?"

நீங்கள் வாளியை வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "அவங்கட பேர் கதவிலை கிடக்கு. எனக்கு இஞ்சை கதவும் இல்லை, வீடும் இல்லை. என்ரை பேர் உன்னிலை கிடக்கு, பிள்ளை."

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால், என் மகளுக்கு அவளுடைய தகப்பனின் சொந்தப் பெயரை விட்டு அவர் வீட்டுக் குடும்பப் பெயரை இத்தாலியர் மாதிரியே பதிந்திருப்பேனா? அவளாவது கேள்வி கேட்கப்படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் சண்டை பிடித்துக் காத்த வழக்கம் என்னோடு நின்றுவிட்டது. பிழை செய்துவிட்டேனா அப்பா?

அத்தாட்சியை அம்மாதான் எடுத்துத் தந்தா. பிஸ்கட் பெட்டிக்குள் உங்கள் பழைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்குக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் தந்த அந்தக் காகிதம், நாலாக மடித்தபடி இருந்தது. அதில் மகள் என்ற இடத்தில் மரியதாஸ் நிரோஷா. மூன்று வயதுப் படம், மூக்கு ஒழுகிக்கொண்டு. அதையும் என் பிறப்புப் பதிவையும் கொண்டுபோய் சிஞ்ஞோராவின் முன்னால் வைத்தேன். ஒரு விரலை உங்கள் பெயரிலும் ஒரு விரலை என் பெயரிலும் வைத்தேன். அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

கையெழுத்து வைத்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெட்டியைக் காட்டினார்கள். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம் கூட.

"அந்த நெடிய மனுசனை இதுக்குள்ளை எப்பிடி அடக்கிறது?" என்று அம்மா கேட்டா. நாளைக்கு அவ வரமாட்டாவாம், பார்க்கமாட்டாவாம். விடியத் தொடங்கிய செபமாலை இன்னும் முடியவில்லை.

உங்கள் பேத்திக்கு வேறு கவலை. இந்த ஊரில் ஆத்துமாக்கள் திருநாளன்று பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது செத்தவர்கள்தானே. நீங்கள் கொண்டுவந்த சீனிப் பொம்மையின் தலையை அவள் அன்றைக்கே தின்றுவிட்டாள். "நொன்னோ போன கிழமைதானே வந்தவர், இப்ப திருப்பி ஏன் எழும்புறார்?" என்று கேட்கிறாள். வீடு மாறுகிறார் என்று சொன்னேன்.

நான் கிட்ட நிற்கலாமாம், தள்ளியும் நிற்கலாமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா, உங்களிடம் மறைத்து என்ன செய்ய? உங்கள் எலும்பைப் பார்த்தபிறகு உங்கள் முகம் எனக்கு ஞாபகத்தில் இருக்குமா? அது யாருக்கும் தெரியாது.

ஆனாலும் கிட்டத்தான் நிற்பேன். குழியைத் திறக்கமுன் உறவினர் வந்திருக்கிறாரா என்று வேலையாள் கையெழுத்து வைத்தவரின் குடும்பப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவாராம். அந்த ஜெனரலுக்கும் பாட்டுக்காரருக்கும் கேட்கும்படி நாளைக்கு அங்கே "மரியதாஸ்" என்று கூப்பிடுவார். இந்தமுறை தலையைக் குனியமாட்டேன். "இஞ்சை நிக்கிறன்" என்று தமிழிலேயே சொல்வேன், உங்களுக்கும் கேட்கட்டும்.

உங்கள் மகள்,
மரியதாஸ் நிரோஷா