இறாலுக்கு மூன்று மொழி

மார்ச் 3, திங்கள்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். ஹால் ஃபேன் இன்னும் கடகட. எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்று சொல்லி வராதது மூன்றாவது தடவை.

கிண்டி போய்ச் சேர 9.20. மேஜைமேல் புதுப் பாக்கெட் டிசைன். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போகும். சோயா கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் பத்தொன்பது வருடமாக என் வேலை இதுதான். பார்ப்பது, கையெழுத்துப் போடுவது.

முன்பக்கம்: மஞ்சள் எழுத்தில் ‘மீல்மேக்கர்’. ஆவி பறக்கும் குருமா படம். பச்சைப் புள்ளி. ‘புரதம் நிறைந்தது.’ எதன் புரதம்? அது ரகசியம். பின்பக்கம் மடிப்புக்குள் ஆங்கிலத்தில் ஒரு வரி, சோயா உள்ளது என்று, எறும்பு அளவில். சட்டத்துக்கு அது போதுமாம். தமிழில் சோயா என்ற சொல் தேடினாலும் கிடைக்காது.

விற்பனை மேலாளர் ரகு சாரிடம் போனேன். மயிலாப்பூர்க்காரர். நாற்காலியில் சாய்ந்தபடியே பேசினார்.

“மீல்மேக்கர்னா சோயான்னு ஊருக்கே தெரியும் ரெஜினா. அதை வேற எதுக்குப் போட்டுண்டு?”

“ஊருக்கே தெரியும்னா போட்டா என்ன சார் கொறஞ்சிடும்?”

“சோயான்னா கோழித் தீவனம்னு நெனச்சுண்டிருக்கா எல்லாரும். எங்காத்துலயே தொட மாட்டா. மீல்மேக்கர்னா ரெண்டு தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கறா.”

ஒரே வாயில் இரண்டு பேச்சு. எல்லோருக்கும் தெரியுமாம், அதனால் எழுத வேண்டாமாம். தெரிந்தால் வாங்க மாட்டார்களாம், அதனாலும் எழுத வேண்டாமாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

வாங்க: பாத்திர சோப்பு, கறிவேப்பிலை, அப்பா மருந்து.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். கிடங்கில் மூச்சு முட்டுகிறது.

தீவனப் பிரிவில் மாதிரி எடுத்தேன். ஆந்திராவுக்குப் போகிற மூட்டைகள், இறால் பண்ணைக்கு. ஒவ்வொரு மூட்டையிலும் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம். கொட்டை எழுத்தில் ‘சோயாப் புரதச் செறிவு’. கோழிக்குஞ்சுத் தீவனத்துக்குப் போகிற சரக்குக்கு இன்னும் கவனம். குஞ்சு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததைச் சூடு காட்டி நீக்கி, நீக்கினோம் என்று நானே சான்றிதழும் தருகிறேன். நல்லதுதான், குஞ்சு பிழைக்கட்டும். ஆனால் இறாலுக்கு மூன்று மொழியில் சொல்கிற கம்பெனி, மந்தைவெளியில் பையோடு நிற்கிற பெண்ணுக்கு அவள் மொழியில் ஒரு சொல் சொல்லாதா? வயிறு எரிகிறது.

தீவனப் பிரிவு சேகரிடம் இதைக் கொட்டினேன். “எறா படிக்காது மேடம். பண்ணைக்காரன் படிப்பான். ஒரு எழுத்து தப்பா இருந்தா கேஸ் போடுவான். குருமா வெக்கிறவங்க எங்க கேஸ் போடறாங்க?” சிரித்துக்கொண்டே சொன்னான். சரியாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கே இதெல்லாம் இப்போதுதான் கண்ணில் படுகிறது. தங்கை பிலோவின் மகள் ஜெனிக்குப் பதினொரு வயது. சோயா ஒவ்வாமை என்று ஜனவரியில் டாக்டர் சொன்னார். பெரியம்மா சோயா கம்பெனி, பிள்ளைக்குச் சோயா ஆகாது. வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ்.

ரகு சார்: “என்ன ரெஜினா, எங்க வழிக்கு வந்துட்டேள் போலிருக்கே?” தினமும் ஒரு ஜோக். பிறகு, “டிசைன் என்னாச்சு? பிரஸ்காரன் உயிரை வாங்கறான்.”

“தமிழ்ல சோயான்னு முன்பக்கம் போட்டுக் குடுங்க சார், இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“பிடிச்ச முயலுக்கு மூணு கால்ங்கறேள்.”

முயலுக்கு எத்தனை கால் என்றாவது இவர் பாக்கெட்டில் எழுதுவாரா, தெரியவில்லை.

சாயங்காலம் அன்பியக் கூட்டம், பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள். வெள்ளி சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. சுத்தபோசனம், கறி கிடையாது. தக்காளி சாதம் என்று முடிவு. சமையல் மேரியக்கா. நான் அப்பளத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பிலோவும் ஜெனியும் ஆதம்பாக்கத்திலிருந்து வருகிறார்களாம்.

மார்ச் 8, சனி

இரண்டு நாள் எழுதவில்லை. முதலில் இது: ஜெனி நன்றாக இருக்கிறாள். காலையில் இட்லி சாப்பிட்டாள்.

நேற்று நடந்தது. ஆபீஸிலிருந்து கிளம்பவே நேரமாகிவிட்டது. சைதாப்பேட்டையில் பஸ் நகரவில்லை. எனக்கு முன்பே பிலோவும் ஜெனியும் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். தக்காளி சாதம் மதியமே மாறிப்போயிருக்கிறது. யாரோ மேரியக்காவிடம் பிரியாணி கேட்டிருக்கிறார்கள்.

ஜெனி கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை எங்கே போனாலும் கேட்கும். “ஆன்ட்டி, இதுல சோயா இருக்கா?”

மேரியக்கா: “சோயாவா? அதெல்லாம் நான் போடறதே இல்ல கண்ணு. மீல்மேக்கர் தான் கீது. நல்லா சாப்டு.”

பக்கத்திலேயே பிலோ. பி.எட். படித்த டீச்சர். சாப்பிடு என்று தலையாட்டியிருக்கிறாள்.

நான் அப்பளக் கட்டோடு உள்ளே நுழையும்போது ஜெனியின் உதடு வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் மாதிரி வந்தது. பிலோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், காரம் ஏறிவிட்டது என்று நினைத்து. தட்டைப் பார்த்தேன். “அது சோயாடி! மீல்மேக்கர் சோயா!” என்று கத்தினேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆட்டோ, மயிலாப்பூர் ஆஸ்பத்திரி, தொடையில் ஊசி. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இன்று மதியம் மேரியக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான். வாசலிலேயே அழுதுவிட்டாள்.

“மைதா மாவுல பண்றதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மா. இருவது வருசமா ஆக்கறேன். இன்னா ஏதுன்னு ஒருத்தரும் சொல்லலியே. அந்தப் புள்ள கேட்டுச்சி மா. நான்தான் சாப்டுன்னேன்.”

வாங்கிய பையைக் காட்டச் சொன்னேன். உதிரியாக வாங்கியது, வெறும் வெள்ளைக் கவர். எங்கள் சரக்கா இல்லையா, தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். மீல்மேக்கர் என்றால் என்ன?

மளிகைக் கடை அண்ணாச்சி: “கோதுமைல வர்ற சாமான் அக்கா.”
மாடி வீட்டு மாமி: “காளானைக் காய வெச்சதுன்னா அது?”
இஸ்திரி போடுகிறவர்: “கறிக்கு டூப்பு.”
பங்கு ஃபாதர்: தெரியாது, ஆனால் பிடிக்கும்.
காலேஜ் போகிற ஒரு பெண்: சோயா. (ஒருத்தி!)

ஊருக்கே தெரியுமாம். ரகு சாரை இந்தத் தெருவில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பூசை. அப்படியே ஆதம்பாக்கம். வானம் மூட்டம், மழை இல்லை, வேர்வைதான்.

ஜெனி கட்டிலில், போனும் கையுமாக. முகம் வடிந்துவிட்டது. நான் நேரே சமையலறைக்குப் போய்ப் பிலோவைப் பிடித்துக்கொண்டேன். படித்தவள்தானே நீ, பிள்ளைக்கு ஆகாதது எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறதே, நாக்கில் வந்ததெல்லாம் கேட்டேன். பிலோ ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள்.

அதில் ஒரு காகிதம். என் கையெழுத்து. ஜனவரியில் நானே எழுதிக் கொடுத்தது. ‘ஜெனி சாப்பிடக் கூடாதவை.’ வரிசை எண் போட்டுப் பதினாலு.

ஜெனி எழுந்து வந்தாள். “பெரியம்மா, பதினாலும் எனக்கு மனப்பாடம். சொல்லட்டா?” சொன்னாள். சோயா சாஸ், டோஃபு, சோயா பால், லெசித்தின், ஐசோலேட், கான்சன்ட்ரேட், டெக்ஸ்சர்டு வெஜிடபிள் புரோட்டீன். பதினாலு வரை ஒன்றும் விடவில்லை. பிறகு கேட்டாள்.

“இதுல மீல்மேக்கர் எங்க பெரியம்மா?”

“ஏழாவது.”

“ஏழாவதுல டெக்ஸ்சர்டுன்னு என்னவோ இருக்கு.”

“அதுதான்டா மீல்மேக்கர்.”

“அப்ப மீல்மேக்கர்னே எழுதியிருக்கலாம்ல?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே காரணம் இருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். காரணம் இல்லை. ஆபீஸில் அதற்கு அதுதான் பெயர். கைக்கு வந்ததை எழுதிவிட்டேன். வீட்டில் நான் குருமா வைக்கும்போது மீல்மேக்கர் என்றுதான் சொல்கிறேன், ஆபீஸில் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டும் ஒன்று என்று இவர்களிடம் யார் சொல்வது? எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். ரகு சார் சொன்ன அதே பேச்சு.

வெட்கமாக இருக்கிறது. பிலோவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “வுடுக்கா” என்றாள். மேரியக்காவுக்கும் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஆபீஸ் 8.50. ரகு சார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஜோக் அடிக்கவில்லை. ஜெனி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு தரம் கேட்டார், உண்மையான அக்கறையோடுதான். பிறகு அலமாரியைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தார்.

“இப்போ கடையில இருக்கற பாக்கெட்லயும் தமிழ்ல சோயா இல்லையே ரெஜினா. இது யார் கையெழுத்து?”

என்னுடையது. கீழே தேதி, சுழித்து, அழகாக.

“என்னோடதுதான் சார். அதையும் நிறுத்துங்க.”

“கடைகடையா இருக்கறதை யார் போய் எடுக்கறது? நடக்கற காரியமா சொல்லுங்கோ.” புது டிசைனில் வேண்டுமானால் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசிப் பார்க்கிறாராம்.

மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாத டிசைனை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். மயிலாப்பூரில் இறங்கி ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தேன். சிவப்பு எழுத்து. ‘இது சோயா.’ அவ்வளவுதான் வாசகம். எத்தனை வேண்டும் என்றான் பையன். அடித்துக்கொண்டே இரு என்றேன்.

நாலு மணி, மந்தைவெளி, முதல் கடை. எங்கள் பாக்கெட் பன்னிரண்டு. நாலாவதில் ஒட்டும்போது கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னாமா பண்ற? யார் நீ, எங் கடை சாமான்ல ஒட்டறதுக்கு?”

“இதுக்குக் கையெழுத்துப் போட்டவ” என்றேன்.